மேல யாரு, கீழ யாரு?

வாங்கண்ணே, வாங்க. அந்த ஸ்டூல்ல உக்காராதீங்க, ஒரு காலு ஆடும். இந்தப் பிளாஸ்டிக் சேர்ல உக்காருங்க. ஓவியர் நீலவேந்தன் யாருன்னுதான வாசல்ல நின்னு சத்தம் போட்டீங்க? நான்தான். பேனர் மூலையில பேரப் பாத்துட்டுத்தான வந்தீங்க? பேரு நல்லா எடுப்பாத் தெரிஞ்சுச்சா? தூரத்துல இருந்தே தெரிஞ்சுச்சா? சந்தோசம்ணே. அந்தப் பேருக்காகத்தான் நான் பட்ட பாடெல்லாம்.

இருங்க, இருங்க, பேனர விரிக்காதீங்க. கோவமா வந்திருக்கீங்க, மொகத்துலயே தெரியுது. வர்றவுக எல்லாருமே அப்படித்தான் வருவாக. அதை எங்க வீட்டுக்காரிகிட்டக் குடுத்துருங்க, அவ பாத்துக்கிருவா. ஏ பஞ்சு! அண்ணன்கிட்ட இருந்து இத வாங்கிக்க. ரெண்டு டீ சொல்லு. எனக்குச் சீனி தூக்கலா.

பாத்தீங்களா, ஒரு வார்த்த பேசாம வாங்கிட்டுப் போறா. பேரு பஞ்சவர்ணம். பேருலதான் அஞ்சு வர்ணமும் இருக்கு. செவப்புக்கும் மெரூனுக்கும் என்னடி வித்தியாசம்னு கேட்டா, ‘செவப்புன்னா கல்யாணம், மெரூன்னா ஜவுளிக்கடை’ம்பா. இந்த மாதிரி ஆளோடதாண்ணே ஒரு கலைஞன் குடும்பம் நடத்த வேண்டியிருக்கு.

நான் ஓவியக் கல்லூரில படிச்சவன். ரெண்டு வருசம் படிச்சேன். அதுக்கு மேல அவங்ககிட்ட எனக்குச் சொல்லிக் குடுக்க ஒண்ணும் இல்ல, வந்துட்டேன். அப்பா வச்ச பேரு நல்லுச்சாமி. அந்தப் பேர வச்சுக்கிட்டு படம் போட்டா எவன் மதிப்பான்? நீலவேந்தன்னு நானே வச்சுக்கிட்டேன். சின்னமனூர்ல அந்தப் பேருல நான் ஒருத்தன்தான். வேணும்னா விசாரிச்சுப் பாருங்க.

படைப்புங்கிறது நெனச்ச நேரத்துல வராதுண்ணே. ஒரு பொறி தட்டணும். தட்டுற வரைக்கும் காத்துக்கெடக்கணும். அதுக்குன்னு நான் சில ஒழுங்கு வச்சிருக்கேன். காலையில எந்திரிச்சதும் ஆத்துப் பக்கம் போயிருவேன். தண்ணியப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பேன். வெயில் ஏறுனதும் வந்து சாப்புடுவேன். சாப்புட்ட ஒடனே வேல பாத்தா கற்பன மந்தமாயிரும், அதனால கொஞ்சம் படுப்பேன். எந்திரிச்சா மனசு தெளிவா இருக்கும். தெளிவா இருக்குற மனசுல எதையாச்சும் போட்டுக் கொழப்பக் கூடாதுன்னு டீக்கடைக்குப் போயிருவேன். இப்படித் தெனமும் விடாம காத்திருக்கேண்ணே. லீவே கெடையாது எனக்கு.

ஒருநாள் ஆத்துல இருந்து வந்தப்ப, ‘என்னங்க, பொறி தட்டுச்சா?’ன்னு கேட்டா. ‘இல்லடி’ன்னேன். ‘பொரிகடலை வேணும்னா பொட்டிக்கடையில இருக்கு, வாங்கித் தரவா?’ன்னா. கடைக்கு வந்திருந்த ஆளுகெல்லாம் சிரிக்கிறாய்ங்க. அன்னைக்கு முழுக்க எனக்கு வேல ஓடல. அதுக்கு முந்துன நாளும் ஓடலதான், ஆனா அது வேற மாதிரி.

அந்தா, மேற்கு ஜன்னல்ல வெயிலுக்கு மறப்பா நிக்குதே, அது என் பெரிய ஓவியம். ‘பிரபஞ்சத்தின் மௌனம்’னு பேரு. என்ன, ஒண்ணும் தெரியலையா? அதாண்ணே மௌனம். இன்னும் ஆரம்பிக்கல. அடிப்பூச்சு மட்டும் பூசி வச்சிருக்கேன். அதுலயும் அவ ஓரத்துல ஆணியடிச்சு ரசீது புக்கத் தொங்க விட்டிருக்கா.

கடைக்கு ‘வேந்தன் டிஜிட்டல்ஸ்’னு பேரு வச்சது நான். மிசின் வாங்குறதுக்கு ஓடுனது, லோனுக்கு நின்னது, கம்ப்யூட்டர் கத்துக்கிட்டது எல்லாம் அவ. ஆனா பேரு வச்சது நான். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கண்ணீர் அஞ்சலி, எந்தப் பேனரா இருந்தாலும் அப்பல்லாம் கீழ் மூலையில ‘கைவண்ணம்: ஓவியர் நீலவேந்தன்’னு ஒரு வரி வந்துரும். அதான் எனக்கு உசுரு. நான் போட்டேனா அவ போட்டாளாங்கிறது முக்கியமில்லண்ணே. என் நெழல்ல நடக்குற வேலதான எல்லாம்?

அவ வேல பாக்குற லட்சணத்தக் கேளுங்க. ஒருத்தர் வந்து போட்டோவெல்லாம் மேசையில கொட்டுனா, மொதக் கேள்வியே ‘அண்ணே, இதுல மேல யாரு, கீழ யாரு?’ன்னுதான். ஒங்களுக்குத் தெரியாததா? பேனர்ல செத்துப்போனவுக மேல இருப்பாக. மேகம், வெளக்கு, பேருக்கு முன்னால ‘தெய்வத்திரு’. உசுரோட இருக்குறவுக கீழ கும்புட்டுக்கிட்டு நிப்பாக. இவ ஒவ்வொரு போட்டோவா எடுத்து, ‘இவுக இருக்காகளா? இவுக? போன மாசம் ஆசுபத்திரில இருந்தாகளே, வந்துட்டாகளா?’ன்னு கேப்பா. மங்கள காரியத்துக்கு வந்தவுககிட்டக் கேக்குற கேள்வியாண்ணே இது? எனக்கு ஒடம்பெல்லாம் கூசும். கலைக்கும் சாவுக்கும் என்ன சம்மந்தம்? ஒரு மொகத்தப் பாத்தா அதுல இருக்குற வெளிச்சத்தப் பாக்கணும். மூச்சு இருக்கா இல்லையான்னு பாக்குறது டாக்டர் வேல.

போன வைகாசி முகூர்த்த சமயத்துல ஒண்ணு நடந்துச்சு, கேளுங்க. அவ தங்கச்சிக்குப் பிரசவம்னு பஞ்சு கம்பத்துக்குப் போயிட்டா. போகும்போது, ‘ஆர்டர் வந்தா வாங்கி மட்டும் வைங்க, நீங்க எதுலயும் கை வச்சுறாதீங்க, நான் வந்து போட்டுக்கிறேன்’னு சொல்லிட்டுப் போனா. என்னையப் பாத்து! இந்தக் கைய வைக்காதன்னா வேற எந்தக் கைய வைக்கிறது?

அவ பஸ் ஏறுன கொஞ்ச நேரத்துல முத்தனம்பட்டி ஜெயக்கொடி வந்தான். லோடு வேன் வச்சிருக்கான், நல்ல பய. மகளுக்குக் காதணி விழா, மண்டபத்து வாசல்ல பெரிய பேனர் வைக்கணும்னு போட்டோக்களக் குடுத்தான். அவன் மச்சினன் வீரபுத்திரன், வாழைக்கா மண்டி வச்சிருக்குறவரு, அவரு மடியில வச்சுத்தான் பிள்ளைக்குக் காது குத்தணும். ‘எங்க மச்சினன் கொஞ்சம் கெத்துப் பாக்குற ஆளுண்ணே, அவரத் தூக்கலாக் காட்டிருங்க. சீர் கொறஞ்சாலும் மொகம் கொறையக் கூடாது’ன்னான். வீரபுத்திரனோட அப்பா தங்கமலை செத்து மூணு வருசமாச்சு, அவரு போட்டோவும் அதுல இருந்துச்சு. யாரு எவருன்னு பின்னால எழுதித்தான் குடுத்தான். நான்தான் திருப்பிப் பாக்கல. ஓவியத்துக்குப் பின்பக்கம் எதுக்குண்ணே?

வீரபுத்திரன் போட்டோவ எடுத்துப் பாத்தேன். வழுக்கத் தல, வெள்ளச் சட்ட, வாய் நெறையாச் சிரிப்பு. பாத்ததுதான் தாமசம், அம்புட்டு நாளாக் காத்திருந்த பொறி டக்குனு தட்டிருச்சு! இந்த மொகம் கீழ நிக்கிற மொகமில்ல. இது சூரியன். இத வானத்துல வச்சாத்தான் படம் நிக்கும்னு தோணுச்சு.

அவர நட்ட நடு வானத்துல வச்சேன். சுத்தி மேகம். தலைக்குப் பின்னால இருந்து ஒளி பாயுது. ரெண்டு பக்கமும் வெளக்கு. வெறும் ‘திரு’ன்னு போட்டா எடுபடல, ‘தெய்வத்திரு’ன்னு போட்டேன். தாய்மாமன் தெய்வம் இல்லையா? ஊரே அப்படித்தான சொல்லுது? ‘தெய்வத்திரு வீரபுத்திரன்’. எழுதிப் பாத்தா எழுத்தே ஜொலிக்குது. அப்புறம் கீழ எடது பக்கம் கொஞ்சம் கனம் கொறஞ்ச மாதிரி இருந்துச்சு. நல்ல மீச வச்ச ஒரு பெரியவரு போட்டோ கெடந்துச்சு. அவர அங்கன நிக்க வச்சு, கும்புடுற கைய ஒட்டி, ஒரு கூலிங் கிளாசும் போட்டுவிட்டு, ‘வருக வருக என வரவேற்கும் தங்கமலை’ன்னு எழுதுனேன். முடிச்சுட்டு எட்ட நின்னு பாத்தேன். கண்ணு கலங்கிருச்சு. என் வாழ்க்கைலயே ஒரே மூச்சுல முடிச்ச படைப்புண்ணே அது. மிசின்ல அடிச்சு, சுருட்டி, ஆள வச்சு விழா அன்னைக்கு விடியுறதுக்குள்ள மண்டபத்து வாசல்ல கட்டிட்டேன்.

விடிஞ்சதும் மண்டபத்துக்கு நானும் போனேன். சும்மா, சனங்க மொகத்துல என்ன தெரியுதுன்னு பாக்கலாம்னு. ஒரு கலைஞனுக்கு அதுதான சாப்பாடு? பந்தியும் இருந்துச்சு.

திருப்பூர்ல இருந்து ஒரு வேன் வந்து நின்னுச்சு. அதுல ஒரு அம்மா, வீரபுத்திரனுக்கு அக்கா மொற, கனத்த ஒடம்பு, பட்டுச் சேல. எறங்கி, அண்ணாந்து என் பேனரப் பாத்துச்சு. அப்படியே நின்னுருச்சு. நான் தூணுக்குப் பின்னால நின்னு பாத்துக்கிட்டிருக்கேன், என் மேலெல்லாம் புல்லரிக்குது. ஒரு படத்த அப்படிப் பாத்த ஆள நான் அதுவரைக்கும் பாத்ததில்ல. அப்புறம் அந்தம்மா மாருல அடிச்சுக்கிட்டு, ‘ஏ எஞ்சாமி! காது குத்த வாக்கான்னு போன் போட்டுட்டு நீ மேகத்துல போயி உக்காந்துட்டியே!’ன்னு தரையில விழுந்து அழுக ஆரம்பிச்சுச்சு. பின்னால எறங்குன பொம்பளைகளும் சேந்துக்கிட்டாக. ஒருத்தர் ஓடிப்போயி மால வாங்கிட்டு வந்துட்டாரு. இன்னொரு பக்கம், பெரியவர் தங்கமலைய நல்லாத் தெரிஞ்ச ஒருத்தரு, கூலிங் கிளாசப் பாத்துட்டு, ‘இந்த ஆள எரிக்கும்போது நான் கூட இருந்தேனப்பா’ன்னு திண்டாடிக்கிட்டிருக்காரு.

அந்த நேரம் பாத்து கொட்டு மேளத்தோட தாய்மாமன் சீர் வருது. தட்டு, பழம், பாவாட சட்ட, கொம்புல மால போட்ட கெடா. முன்னால வீரபுத்திரன் வெள்ளையும் சொள்ளையுமா வர்றாரு. அழுக சத்தத்தக் கேட்டுட்டு, ‘யாரு போயிட்டது?’ன்னு கேட்டாரு. ஒரு கெழவரு வந்து அவரு கையத் தொட்டுப் பாத்துட்டுப் போனாரு. அப்புறம்தான் அவரு நிமிந்து பாத்தாரு.

கொட்டு நின்னுபோச்சு. கெடா மட்டும் கத்துது. பேனரப் பாத்தாரு, மச்சானப் பாத்தாரு, ‘செத்தவன் சீர் கொண்டுவரலாமாடா? வண்டியத் திருப்புங்க’ன்னாரு. ஜெயக்கொடி கால்ல விழுறான், அவன் பொண்டாட்டி அண்ணனோட கையப் பிடிச்சுக்கிட்டு கதறுது. உள்ள பிள்ளைக்கு மொட்டையடிச்சுச் சந்தனம் பூசி உக்கார வச்சிருக்கு, ஆசாரி கம்மலோட காத்திருக்காரு, நல்ல நேரம் போயிக்கிட்டிருக்கு. மாமன் மடி இல்லாமக் காது குத்த முடியுமா? ‘எங்கப்பனுக்கு வெளக்குக்கூட வைக்கல, எனக்கு வச்சிருக்கியா? இனி இந்த வீட்டு வாசல்ல மிதிக்க மாட்டேன்’னு வீரபுத்திரன் கத்துறாரு. அண்ணன் தங்கச்சி உறவே அத்துப்போற மாதிரி ஆயிருச்சு.

அப்புறம் என்னையத் தேடுனாய்ங்க. ஒளியல நானு. பந்தியில இருந்தேன். எலையோட தூக்கிட்டு வந்து நிறுத்துனாய்ங்க. நான் நிதானமா எடுத்துச் சொன்னேன். ‘அண்ணே, சாவு வாழ்வுங்கிற சின்ன விசயத்துல நிக்காதீங்க. கண்ணு மொதல்ல எங்க போயி நிக்குது பாருங்க. ஒங்க தலைலதான? அந்த வழுக்கையில ஒளி எப்படி வழுக்கிக்கிட்டு எறங்குது பாருங்க’ன்னேன். அவரு என் சட்டையப் பிடிச்சு, ‘நீ கீழ நிக்கிறியா, இல்ல மேல போறியா?’ன்னாரு. ரசனை இல்லாத எடத்துல பேசுறது எம்புட்டுக் கஷ்டம்னு அன்னைக்குத்தாண்ணே தெரிஞ்சுக்கிட்டேன்.

அந்நேரம் பஞ்சு வந்து எறங்குறா. கம்பத்துல இருந்து நேரா, கைப்பையோட. எவனோ போன் பண்ணிச் சொல்லியிருக்கான். பேனர ஒரு தடவ பாத்தா. என்னைய ஒரு தடவ பாத்தா. அந்தப் பார்வையப் பத்தி நான் சொல்ல மாட்டேன். அப்புறம் வீரபுத்திரன்கிட்டப் போயி, ரொம்ப நாள் பழகுனவ மாதிரி, ‘அண்ணே, ஒங்களுக்கு என்ன ராசி?’ன்னு கேட்டா.

அவரு என் சட்டைய விடாமயே, ‘மகரம். எதுக்கு?’ன்னாரு.

‘ஏழர நடக்குதுல்ல?’

‘நடக்குது. அதுக்கென்ன இப்ப?’

‘அதானண்ணே பாத்தேன்!’னு கையத் தட்டுனா. ‘ஒங்களுக்கு ஒரு பெரிய கண்டம் இருந்திருக்கு. உசுரோட இருக்குற ஆளச் செத்துட்டாருன்னு நெனச்சு நாலு பேரு நெசமா அழுதுட்டா, அந்தக் கண்டம் அதோட கழிஞ்சுச்சுன்னு அர்த்தம். இந்த அக்கா அழுத அழுக சும்மா அழுகையா? எமன் இன்னைக்கு வந்து வாசல்லயே பேனரப் பாத்துட்டு, இந்த ஆள ஏற்கெனவே கூட்டியாந்துட்டோம் போலருக்குன்னு திரும்பிப் போயிருப்பான்ணே. இனி ஒங்கள நூறு வயசுக்கு எவனும் அசைக்க முடியாது. மேல போன மாமன் மருமகளுக்காகக் கீழ எறங்கி வந்து காது குத்துறாரு, எந்தப் பிள்ளைக்குக் கெடைக்கும்?’

வீரபுத்திரன் என் சட்டைய விட்டாரு. திருப்பூர் அக்கா மூக்கச் சிந்திக்கிட்டு, ‘எனக்கு அப்பவே ஒரு மாதிரி தோணுச்சு’ன்னுச்சு. பஞ்சு பைக்குள்ள இருந்து பிளேடு எடுத்தா, ஏணிய வாங்கி ஏறுனா. ஏணியப் பிடிச்சுக்கிட்டது யாருங்கிறீங்க? வீரபுத்திரனே! வானத்துல இருந்து அவர மட்டும் வட்டமா வெட்டி எடுத்து, பிள்ள படத்துக்குப் பக்கத்துல ஒட்டுனா. ‘எறங்கிட்டாருண்ணே!’ன்னா. பொம்பளைக எல்லாம் கொலவ போட்டாக. கொட்டு அடிச்சுச்சு பாருங்க, மண்டபமே அதிருது. அவரு உள்ள போயி பிள்ளைய மடியில வச்சாரு, காது குத்தி முடிச்சு, தங்கச்சியக் கட்டிப்பிடிச்சு அழுதாரு.

நான் பேனரப் பாத்துக்கிட்டு நின்னேன். வானத்துல வட்டமா ஓட்ட. அது வழியா நெசமான வானம் தெரியுது. ஒரு கொக்குகூடப் போச்சு. அடடா, அது எப்பேர்ப்பட்ட படம்ணே! அதுவும் என் படைப்புதான? ஓட்ட போட்டது அவளா இருக்கலாம், ஆனா வானம் என்னோடதுல்ல?

இதுக்கப்புறம் நடந்ததுதாண்ணே அநியாயம். அடுத்த வாரமே உத்தமபாளையத்துல இருந்து ஒருத்தர் வந்தாரு. ‘எனக்கும் ஏழர நடக்குது, என்னைய மேல போட்டு ஒரு பேனர் வேணும்’னாரு. அப்புறம் ஒரு கவுன்சிலரு. அப்புறம் ஜாதகத்தோட ஒரு பேங்க் மேனேஜரு. பஞ்சு விடுவாளா? ‘கண்டக் கழிப்பு பேனர்’னு தனியா ஒரு மாடலே போட்டுட்டா. வெட்டி எறக்குறதுக்கு வசதியா ஆளச் சுத்திப் புள்ளிக்கோடு. பிளேடு நம்ம கடையிலயே குடுத்துருவோம். அழுறதுக்கு அந்தத் திருப்பூர் அக்காவையே மாசம் ஒருக்க வரச் சொல்லிட்டா. அந்தம்மா இப்ப ஜவுளிக் கம்பெனி வேலைய விட்டுருச்சு. ரெண்டாவது மிசின் வாங்கிட்டோம். ஏசி போட்டாச்சு, மிசினுக்கு.

எல்லாம் யாரோட கற்பன? என்னோடது! ஆளத் தூக்கி மேல வச்சது யாரு? ஆனா அந்தப் பேனர்ல மூலையப் பாத்தா, என் பேரக் காணோம். எந்தப் பேனர்லயும் காணோம். ‘ஏண்டி, கைவண்ணம் எங்க?’ன்னேன். ‘ஒங்க பேரப் போட்டா ஒங்களத் தேடி வருவாக. வந்தா நீங்க பேசுவீக. பேசுனா ஆர்டரு போயிரும்’னு கம்ப்யூட்டர விட்டுக் கண்ணெடுக்காமச் சொல்றா.

அன்னைக்கு நான் வீட்ட விட்டுக் கெளம்பிட்டேன். பையில ரெண்டு சட்ட, பிரஷ்ஷு எல்லாம் எடுத்துக்கிட்டு பஸ் ஸ்டாண்டுல போயி உக்காந்தேன். மெட்ராஸ் போயிருவோம், அங்க நம்மள மதிக்கிறவன் எவனாச்சும் இருப்பான்னு. பஸ் வந்துச்சு, போச்சு. இன்னொண்ணு வந்துச்சு, அதுவும் போச்சு. எவளாச்சும் ஒருத்தி தேடி வருவான்னு பாத்தேன், வரல. மழ வர்ற மாதிரி இருந்துச்சு. திரும்பி வந்துட்டேன்.

வந்து அழுதேண்ணே. சொல்ல வெக்கமாத்தான் இருக்கு, ஆனா அழுதேன். ஊருல எத்தன பேனர் நிக்குது, எவன் எவனோ கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு நிக்கிறான், பொறந்து மூணு மாசமான பிள்ளைக்குக்கூடப் பேரு போட்டிருக்கு. எனக்கு அந்த மூலைகூட இல்லையாண்ணே? ‘நான் செத்தா எனக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர்லயாச்சும் பேரு போடுவியாடி?’ன்னு கேட்டேன்.

அவ சிரிக்கல. அதச் சொல்லணும். சிரிக்கவே இல்ல. எனக்குச் சோத்தப் போட்டு வச்சா, நான் திங்கிற வரைக்கும் எதுத்தாப்புல உக்காந்திருந்தா. என்னையவே பாத்துக்கிட்டிருந்தா. நான் கை கழுவிட்டு வந்ததும், ‘போடுறேங்க. பேரப் பெருசாவே போடுறேன். ஒங்களுக்குன்னு ஒரு வேலையும் தோணுது’ன்னா.

மறுநாள்ல இருந்து ஒவ்வொரு பேனர்லயும் என் பேரு. நீங்களே பாத்தீங்கல்ல? ‘குறை இருப்பின் தொடர்புகொள்ள: ஓவியர் நீலவேந்தன்’. நம்பரோட! ‘குறை’ங்கிறது சின்ன எழுத்து. பேருதான் பெருசு. அதுக்கப்புறம் பாருங்க, தெனமும் யாராச்சும் என்னையத் தேடி வர்றாங்க. முன்னாடி ஒரு நாதி வந்ததில்ல. வரும்போது கோவமா வருவாக. நான் உக்கார வச்சு, டீ வாங்கிக் குடுத்து, கலைன்னா என்னன்னு மொதல்ல இருந்து சொல்லுவேன். போகும்போது ஒரு சத்தம் இருக்காது. சில பேரு தலையப் பிடிச்சுக்கிட்டுப் போவாக. சிந்தன ஓட ஆரம்பிச்சுட்டா அப்படித்தான் இருக்கும். ஒருத்தர்கூட ரெண்டாவது தடவ வந்ததில்லண்ணே.

என்ன, எந்திரிச்சுட்டீங்க? டீ ஆறிப் போச்சா? உக்காருங்க, ஒங்க பேனர்ல என்னன்னு நான் இன்னும் கேக்கவே இல்லையே. ஏ பஞ்சு, அண்ணன் பேனர்ல என்னடி? என்னது? சத்தமாச் சொல்லு, மிசின் சத்தத்துல கேக்கல. ‘காதணி விழா’ன்னு இருக்க வேண்டிய எடத்துல ‘காலணி விழா’ன்னு இருக்கா?

அட, அதுவாண்ணே! அது பிழையில்ல. முந்தாநாள் அவ சாப்புடப் போன நேரத்துல நான்தான் மாத்துனேன். அந்த ‘த’வப் பாருங்க, கீழ வால இழுத்துக்கிட்டு எழுத்துக் கூட்டத்துல கனமா நிக்குது. ‘ல’ன்னு வச்சவுடனே எப்படித் துள்ளுது! அர்த்தத்தப் பாக்காதீங்க, அசைவப் பாருங்க. வந்தவுக எல்லாம் செருப்பு வாங்கிட்டு வந்தாகளா? ஒருத்தரு பிள்ளைக்கு ஷூவே வாங்கிட்டு வந்துட்டாரா? பாத்தீங்களா, ஒரு எழுத்து எம்புட்டு வேல செய்யுதுன்னு!

இந்தா, பஞ்சு வந்துட்டா. புதுசா ஒண்ணு அடிச்சுக் கையோட கொண்டாந்திருக்கா. எப்பவும் இப்படித்தாண்ணே, நான் பேசி முடிக்கவும் அவ கொண்டாந்து குடுக்கவும் சரியா இருக்கும். என்ன சொல்ற? ‘மை காஞ்சிருச்சு, அண்ணன விட்டுருங்க’ன்னா சொல்ற? சரி, சரி. போயிட்டு வாங்கண்ணே. சாயங்கால வரவேற்புக்காச்சும் இதக் கட்டிருங்க.

நேத்துக்கூட ஒருத்தர அனுப்பிட்டு உக்காந்திருக்கும்போது சொன்னாண்ணே, ‘ஒங்க பேச்சு மட்டும் இல்லேன்னா இங்க இருந்து ஒரு பேனராச்சும் ஈரம் காஞ்சு போகுமா?’ன்னு. கட்டுன பொண்டாட்டி வாயில இருந்து ஒரு கலைஞனுக்கு வேற என்ன பாராட்டு வேணும், சொல்லுங்க?